எண்ணெய்ப் போத்தலும் எங்கட உம்மாமாரின் முழங்காலும்



முழங்கால் வலி என்று ஒரு உம்மா சொன்னால் நாம் கொடுப்பது இரண்டு: ஒரு எண்ணெய்ப் போத்தல், "வயசு போனா அப்படித்தான்" என்ற பதில். இரண்டும் போதாது.

எண்ணெய் தேய்த்து உருவுவதை நாம் குறை சொல்லவில்லை. தசை இளகும், வலி கொஞ்ச நேரம் தணியும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அதைப் பலப்படுத்தும் பயிற்சியை அரச ஆஸ்பத்திரிகளின் பிசியோதெரபி பிரிவில் இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். எத்தனை பேர் கூட்டிக்கொண்டு போனோம்?

சாப்பாடும் அப்படித்தான். "கத்தரிக்காய் வாதம்" என்று மரக்கறியை ஒதுக்குகிறோம். மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியை ஒதுக்குவதில்லை. உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். எந்தப் போத்தல் இதைச் செய்யும்?

நடக்கவும் சொல்கிறோம். அசருக்குப் பிறகு ஒரு பெண் வீதியில் நடந்தால் கதை கட்டுவதும் நாம்தானே?

இன்னொன்று. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது ரூமட்டொயிட் வாதமாக இருக்கலாம். அதை உருவிக்கொண்டே மாதங்களைக் கடத்தினால் மூட்டு அரிபடும், அரிபட்டது திரும்பாது. தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முடியாதவர் கதிரையில் இருந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. முடியுமானவரையும் கதிரைக்குத் தள்ளுவது வயசல்ல, நமது அலட்சியம்.