கருவண்டு வர ஒரு செடி



ஐப்பசி மழை தொடங்கப் போகிறது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் வாசலோரம் ஒரு முழம் மண் கிடைத்தாலும் அதில் ஏதாவது நட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மண்ணில் இந்த ஆண்டு ஆவாரை விதையுங்கள் என்று கேட்கவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

நம் ஊர் வெளியூர்ச் செடிகளை ஆசையாக வரவேற்ற ஊர். 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பல தேசத்து மரங்கள் நிற்கின்றன. புதுச்சேரியின் அடையாளப் பூவான நாகலிங்கமே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அவை இருக்கட்டும். ஆனால் ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் ஆவாரைக்கும் நம் வாசலில் இடம் வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் ஆவிரையும் உண்டு.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் பைகளுக்குள் பூட்டிக் கிடக்கும், நுனியில் மட்டும் சிறு துளை. தேனீக்களுக்கு அதைத் திறக்கும் வித்தை தெரியாது. மூங்கிலைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டுக்குத் தெரியும். பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் அதிரவிடும். ‘விர்ர்’ என்று ஒரு சத்தம்; மகரந்தம் துளை வழியே பீறிட்டு அதன் உடம்பில் அப்பிக்கொள்ளும். காலையில் செடிப் பக்கம் நின்றால் காதால் கேட்கலாம். கத்தரிப் பூவுக்கும் தக்காளிப் பூவுக்கும் இதே வகைப் பூட்டுதான். மொட்டை மாடியில் காய்கறித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, ஆவாரையைத் தேடி வரும் வண்டு காய்ப்பையும் கூட்டித் தரும். அதை அடித்து விரட்டாதீர்கள். கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது. காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை ஓரமாகப் போட்டு வைத்தால் கூடும் கட்டும்.

வளர்ப்பது எளிது. காய்ந்த நெற்றை உடைத்து விதையை எடுங்கள். தோல் கெட்டியானது, சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவையுங்கள். செம்மண்ணோடு மணல் கலந்து, நல்ல வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். எரு அதிகம் வேண்டாம். வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் அது தாங்காது. தொட்டியில் வைப்பவர்கள் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும்.

இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். வெளிர்நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று ஆவாரையில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் அவை. இலை மறுபடி துளிர்த்துவிடும்.

விதை கிடைக்காதவர்கள் ஓர் அஞ்சலட்டை போடுங்கள், அனுப்பி வைக்கிறோம். உங்கள் செடிக்கு முதல் கருவண்டு வந்த நாளை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்