பொறி சொல்லும் அளவும் பட்டா சொல்லும் அளவும்

ஏக்கரை ஹெக்டேராக்கவும் கஜத்தை மீட்டராக்கவும் இக்காலத்தில் வாய்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார் இல்லை. ‘இரண்டரை ஏக்கர் எத்தனை ஹெக்டேர்’ என்று பேசுகிற பேச்சாகவே கைப்பேசியிடம் கேட்டால், மறு நொடியில் விடை வந்துவிடுகிறது. நம் சங்க அலுவலகங்களிலும் இவ்வழக்கம் புகுந்துவிட்டது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். பெருக்கலில் நேரும் பிழை பெரிதும் ஒழிந்தது. ஆயினும் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் வேறொரு வகைப் பிழையை இப்போது காண்கிறோம். அது விடையில் நேர்வதன்று; கேள்வியில் நேர்வது.

போடிநாயக்கனூரை அடுத்த மலையடிவாரத்துச் சங்கம் ஒன்றில் பயிர்க்கடன் பதிவேட்டைப் பார்வையிட்டோம். சரிவில் காப்பியும் இலவமும் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவரின் பட்டாவில், ஹெக்டேர் என்ற கட்டத்தில் 0 என்றும், ஏர் என்ற கட்டத்தில் 8 என்றும் இருந்தது. எழுத்தர் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியை இட்டு, ‘0.8 ஹெக்டேர் எத்தனை சென்ட்’ என்று பொறியைக் கேட்டிருக்கிறார். 197.7 சென்ட் என்றது பொறி. கேட்ட கேள்விக்கு அது முற்றும் சரியான விடை. ஆனால் நூறு ஏர் கொண்டதே ஒரு ஹெக்டேர். ஆதலின் 8 ஏர் என்பது 0.08 ஹெக்டேர். நிலமோ 20 சென்டுக்கும் சற்றுக் குறைவு.

அதே பதிவேட்டில், 40 ஏர் கொண்ட பட்டா 0.40 ஹெக்டேர் என்று சரியாகவே ஏறியிருந்தது. ஏர் இரட்டை இலக்கமாய் இருக்கும்வரை புள்ளியிடும் வழக்கம் பொய்ப்பதில்லை. ஒற்றை இலக்கம் வந்த இடத்தில் நிலம் பத்து மடங்காகிவிடுகிறது. ஒற்றை இலக்க ஏர் யாருடையது? மிகச் சிறிய விவசாயியுடையது. தகுதிக்கு மீறிக் கொடுத்த கடன் உரமாகவும் கூலியாகவும் செலவாகிப்போன பின்னர், மிகுதியைத் திருப்பிக் கட்டும்படி அவரைக் கேட்க நேர்ந்தது. அவர் எதையும் மறைத்தவர் அல்லர். கேட்ட காகிதத்தைக் கொடுத்தவர்.

சொல்லாலும் பிழை வரும். சென்ட் என்பது நமக்கு நிலம். உலகின் பல நாடுகளில் அது சில்லறைக் காசு. வெறுமனே ‘40 சென்ட்’ என்று கேட்டால் பொறி எதனை எண்ணிக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. பழைய பத்திரங்களில் வரும் மணங்கும் அப்படியே. நம் சென்னை மணங்கு எட்டு வீசை, ஏறத்தாழ 25 பவுண்டு, கிலோவில் 11.3. வங்காள மணங்கோ 37.3 கிலோ. இத்தகைய குழப்பத்தை ஒழிக்கவே 1956ஆம் ஆண்டில் எடையளவுச் சட்டம் வந்தது; 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாய்ப் புழக்கத்துக்கு வந்தன. சட்டம் எடைக்கற்களை மாற்றியது, வாய்ச்சொற்களை மாற்றவில்லை.

ஏலக்காய் பயிரிடுவோர்க்கு மற்றொன்று சொல்ல வேண்டும். போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில், காயின் தரத்தை அறிய லிட்டர் எடை பார்ப்பது வழக்கம். ஒரு லிட்டர் நல்ல காய் 400 கிராமை ஒட்டி நிற்கும். திரண்ட காயானால் மேலும் ஏறும். பொருளின் பெயரைச் சொல்லாமல் ‘ஒரு லிட்டர் எத்தனை கிராம்’ என்று கேட்டால், தண்ணீரை வைத்து ஆயிரம் என்றே விடை வரலாம். பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காவதும் அளவு மாற்றமன்று. அது புகைக்கூண்டின் கணக்கு. அங்கே பொறிக்கு வேலையில்லை.

சக்கம்பட்டி நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். 40ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்தது ஒரு பவுண்டு. அந்த 40 என்ற எண்ணுக்குள் கஜமும் பவுண்டும் ஒளிந்திருக்கின்றன. கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று அறிய இரண்டையும் மாற்ற வேண்டும். அப்போது 67,700 மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் பாவுக்கு நூல் குறையும் அல்லது மிஞ்சும்.

படித்தவர்க்கும் இது நேர்ந்ததுண்டு. 1983 ஜூலையில் கனடாவில் ஒரு பெரிய விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் மிதந்து இறங்கியது. லிட்டரைக் கிலோவாக்கும் எண்ணுக்குப் பதில், பவுண்டாக்கும் 1.77 என்ற எண்ணை வைத்துப் பெருக்கியிருந்தனர். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே ஏறியது. பெருக்கல் சரி; எண்ணுக்குப் பக்கத்தில் அளவின் பெயர் இல்லை. உயிர்ச்சேதம் நேராதது விமானியின் திறமை.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவ்வளவே. பதிவேட்டில் விடையை மட்டும் எழுதாமல், பொறியைக் கேட்ட கேள்வியையும் ஒரு வரியில் எழுதுக. பட்டா அளவைப் புள்ளியிட்டுச் சுருக்காமல் ‘0 ஹெக்டேர் 8 ஏர்’ என்றே எழுதுக. பொறியையும் அவ்வாறே கேட்கலாம். எழுத்து வேலை கூடும் என்று செயலாளர்கள் சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழாமலில்லை. அத்தவறான கடனை மீட்க எழுதிய கடிதங்களை எண்ணினால் இது பெரிதன்று.

அங்கத்தினர்களும் தம் பெயருக்கு எதிரே ஏறிய அளவை, எழுத்தரிடம் சென்டில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த எட்டு ஏர்க்காரருக்குத் தம் நிலம் இருபது சென்ட் என்பது நன்கு தெரியும். அவரை ஒருவரும் கேட்கவில்லை.