கட்டளையும் ஒரு வாக்குத்தான்

கணனியில் வைத்திருந்த கணக்கை இணையவழி மென்பொருளுக்கு மாற்றும்போது வங்கி மீதியும் கடன்பட்டோர் நிலுவையும் கவனமாகச் சரிபார்க்கப்படுகின்றன. விற்பனைக் கட்டளைகளோ எளிதில் மறக்கப்படுகின்றன.

காரணம் உண்டு. கட்டளை பேரேட்டில் ஏறுவதில்லை. பொருளைக் கொடுத்து விலைப்பட்டியல் எழுதும்போதே அது விற்பனையாகிறது. ஆகவே கட்டளைகள் அத்தனையும் விடுபட்டாலும் பரீட்சை மீதி சமப்படும். தவறு எவர் கண்ணிலும் படாது. குயிக்புக்ஸ் டெஸ்க்டொப் பிரீமியரில் கட்டளைக்குத் தனிப் படிவம் உண்டு. அதன் இணையவழிப் பதிப்பிலோ நீண்ட காலமாகப் பலர் விலைமதிப்பீட்டுப் படிவத்தைக் கொண்டே சமாளித்தனர்.

100 அந்தர் வெங்காயத்துக்கு வந்த கட்டளையில் 60 அந்தர் கொடுத்தாயிற்று என வைப்போம். புதிய கணக்கில் மீதி 40 மட்டுமே பதியப்பட வேண்டும். 100 ஐயும் பதிந்தால் கொடுத்த பொருளுக்கு மீண்டும் பட்டியல் போகும். ஒன்றும் பதியாவிட்டால் 40 அந்தரும் கிடந்து அழுகும். வாங்கிய முற்பணமும் வருமானமல்ல. பொருள் கொடுக்கும்வரை அது சங்கத்தின் பொறுப்பு.

எனவே மாற்றும் நாளை முன்கூட்டியே குறித்து, நிறைவேறாத கட்டளைகளை அச்சிட்டு, ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பழைய கோப்பை அழிக்கக் கூடாது.

இதை எழுதுவினைஞரின் வேலையென்று விட்டுவிடாதீர்கள். இடம்பெயர்ந்து வந்து, கடன்பட்டுப் பயிரிட்டவர்கள் நீங்கள். நட்டமும் உங்களுக்கே. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: “எங்கள் கட்டளைகள் புதிய கணக்கில் ஏறிவிட்டனவா?”