வாசிக்கத் தெரியாதவருக்கும் எழுதியவர்



இலங்கை மலையகத்தில் பேனா பிடிக்கும் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. அவர் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சாவூரில் பிறந்தவர்.

தோட்டத் துரையின் அனுமதியில்லாமல் வெளியார் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியாத காலம். நடேசய்யர் புடவை வியாபாரியாக மூட்டை சுமந்து தோட்டங்களுக்குள் போனார். கங்காணியிடம் பட்ட கடனும், அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடும் துண்டு முறையும் நம் மக்களைக் கட்டிப் போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். பார்த்ததை எழுதப் பத்திரிகை வேண்டியிருந்தது. 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று அவரது எழுத்து சூடு பிடித்தது. 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

அவரிடம் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. யாருக்காக எழுதினாரோ, அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பள்ளிக்கூடம் எட்டாத லயத்துக்குப் பத்திரிகை மட்டும் எப்படி எட்டும்? அதனால் 1937இல் ‘அந்தரப் பிழைப்பு’ என்ற நாடகத்தைத் தந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பத்திரிகைப் பணியில் தோள் கொடுத்ததோடு, தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டி மேடைகளில் பாடினார். 1940இல் அந்தப் பாடல்கள் நூலாகவும் வந்தன. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வாய் திறக்க அஞ்சிய சனம், கூட்டத்தில் தங்கள் கதையைக் காதாரக் கேட்டது.

கேட்பதும் பார்ப்பதும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. மாசி பிறந்தால் காமன் கூத்து; தப்பு அதிர்ந்தால் தோட்டமே கூடிவிடும். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய ஆடிய மண் இது. அந்தக் கூத்து மரபோடு நடேசய்யரின் துணிச்சலும் சேர்ந்தால், இன்றைய நாட்கூலியையும் வீட்டுக் காணியையும் பற்றி எவ்வளவோ மேடையேற்றலாம்.

ஆசிரியர்களே, அடுத்த தமிழ்த் தினப் போட்டி நாடகத்துக்குக் கதை தேடும்போது, உங்கள் மாணவர்களின் பாட்டிமாரையும் கேளுங்கள். இளையோரே, உங்கள் தோட்டத்துக் காமன் கூத்து வாத்தியார் பாடும் பாட்டுகளைக் கைப்பேசியில் பதிந்து, அவர் சம்மதத்தோடு எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தும் வேலை எங்களுடையது. நல்ல படைப்புகளுக்கு வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்குவோம். நம் கதையை நாமே சொல்வோம்; வாசிக்கத் தெரியாதவரையும் முன் வரிசையில் உட்கார வைத்துச் சொல்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்