பங்கீடும் பிணைப்பும்

பெருங்காரியத்தைப் பலர்க்குச் சமமாகப் பகிர்ந்தளித்தால் அது விரைவில் முடியும் என்பர். பல கணினிகள் ஒருங்கே கூடிக் கணக்கிடும் இக்காலத்தில் அக்கூற்று பாதி உண்மையே என்பது எமது கருத்து.

வானிலை கணிப்போர், நிலப்பரப்பைப் புள்ளிகளாக வகுத்து, ஒவ்வொரு புள்ளியின் நிலையையும் அதன் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடுவர். புள்ளிகளும் அவற்றைப் பிணைக்கும் கோடுகளும் சேர்ந்ததே கோட்டுரு எனப்படும். பக்கத்துக்கு 1,000 புள்ளிகளாகப் பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட சதுரம் ஒன்றை 100 கணினிகளுக்குப் பங்கிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியும் மேல், கீழ், இடம், வலம் உள்ளவற்றோடு பிணைந்துள்ளது. பத்து வரிசை கொண்ட நீண்ட பட்டைகளாக வெட்டினும், பக்கத்துக்கு 100 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டினும், கணினி ஒவ்வொன்றுக்கும் 10,000 புள்ளிகளே கிடைக்கும். வேலை சமமே; ஆயினும், முன்னதில் 99,000 பிணைப்புகள் அறுபடும்; பின்னதில் 18,000 மட்டுமே. அறுபட்ட இடந்தோறும் கணினிகளுக்கிடையே செய்தி செல்லல் வேண்டும். செய்திக்குக் காத்திருக்கும் கணினி வேலையற்ற கணினியே அன்றோ?

ஒழுங்கற்ற கோட்டுருக்களில் மிகக் குறைந்த வெட்டுடைய சமபங்கீட்டைத் துல்லியமாகக் காண்டல் மிக அரிது. ஆதலின் அறிஞர் அதனை அணுகும் வழிகளையே நாடினர். 1970-இல் கெர்னிகன், லின் என்னும் இருவர், இரு பகுதிகளுக்கிடையே புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து வெட்டைக் குறைக்கும் முறையை வெளியிட்டனர். பின்னர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கரிப்பிஸ், குமார் ஆகியோர் ஆக்கிய மெட்டிஸ் என்னும் மென்பொருள், பெருங்கோட்டுருவைப் படிப்படியாகச் சுருக்கிப் பங்கிட்டு, மீண்டும் விரிக்குங்கால் எல்லைகளைத் திருத்தும் நெறியைப் பரப்பிற்று.

எனினும், அறுபட்ட கோடுகளின் தொகை ஒன்றையே குறிக்கோளாகக் கொள்வதும் குறையுடைத்து. ஒரு புள்ளி அயற்பகுதியின் மூன்று புள்ளிகளோடு பிணைந்திருப்பின் அறுபடுவன மூன்று கோடுகள். அதன் மதிப்பையோ ஒருமுறை அனுப்பினால் போதும். மேலும், செய்தி ஒன்றைத் தொடங்குதற்கே தனி நேரம் செல்லும். பட்டைக்கு அயலவை இரண்டே. சதுரத்துக்கோ நான்கு வரை உண்டு. இத்தகைய குறைகளை ஹென்ட்ரிக்சன் என்பார் 1998-இலேயே எடுத்துரைத்தார்.

ஆகவே, கணினிக்கலை பயிலும் மாணவர், கருவி காட்டும் எண்ணைக் கண்டு மனநிறைவு கொள்ளற்க. இறுதியாக முடிக்கும் கணினி எத்துணை நேரம் கொண்டது என்பதையே அளந்து காண்க. புயல் கரையேறிய பின்னர் வந்து சேரும் முன்னறிவிப்பால் யாருக்கு என்ன பயன்?