மஞ்சள் விளக்கும் சஸ்பென்ஸ் கணக்கும்

பி.காம். படித்தவனுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் 'செக் இன்ஜின்' விளக்கு, எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது!

நாமக்கல்லில் என் மச்சானுக்கு 2017 மாடல் டீசல் மினி லாரி. அந்த ஒரு வண்டியில்தான் குடும்பமே ஓடுகிறது. விளக்கு எரிந்தது, மேட்டில் இழுவை இல்லை. ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டினார்கள். 'பி0087' என்று வந்தது. அதாவது, காமன் ரெயிலில் டீசல் பிரஷர் கம்மி.

"பம்ப் போச்சுங்க. அறுபதாயிரம் ஆகும்!"

மச்சான் முகம் விளக்கைவிட மஞ்சளாகிவிட்டது.

இன்னொரு பட்டறைப் பெரியவர் சிரித்தார். "காய்ச்சல்னுதான் தம்பி அது சொல்லுது. கொசுவா, தண்ணியான்னு நாமதான் பார்க்கணும்."

செலவு கம்மியானதிலிருந்து ஆரம்பித்தார். முதலில் டீசல் ஃபில்டர்: அடைப்பு. அடுத்து, டேங்கிலிருந்து வரும் ஹோஸில் ஒரு துண்டு கண்ணாடி ட்யூப் செருகினார். உள்ளே காற்றுக் குமிழிகள்! ஹோஸில் வெடிப்பு. இரண்டையும் மாற்றியதும் வண்டி இழுத்தது. இதிலும் சரியாகாவிட்டால்தான் சென்சார், இன்ஜெக்டர்; கடைசியில் பம்ப்.

ஒரு எச்சரிக்கை: ஓடும் இன்ஜினில் ரெயில் பைப்பைக் கழற்றாதீர்கள். அந்தப் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலையே துளைத்துவிடும்.

சிலர் ஸ்கேனரில் கோடை மட்டும் அழித்துவிட்டு, "ரெடி சார்" என்பார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்டை ரப்பர் வைத்து அழித்தால் கணக்கு டேலி ஆகிவிடுமா என்ன?