டாலர் நகரத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறக்க ஆசைப்பட்டால், ரிசர்வ் வங்கி வாசலில் கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் நிலைமை அப்படி இல்லை. 1973-ஆம் ஆண்டு ஃபெரா சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் அப்படிச் செய்தால் குற்றம். 2000 ஜூனில் ஃபெமா நடைமுறைக்கு வந்தது. 2004 பிப்ரவரியில், ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அங்கே கணக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர். பான் எண், ஒரு விண்ணப்பம், பெரிய தொகை என்றால் கொஞ்சம் வரிப் பிடித்தம், வருமான வரிக் கணக்கில் அந்தக் கணக்கைக் காட்டுவது. இந்தப் பக்கம் அவ்வளவுதான். அந்த ஊர் வங்கி கேட்கும் தாள்கள் தனி.

நல்ல விஷயம். இதில் யாருக்கும் பொறாமை வேண்டாம்.

அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பீகார் பையன், தெருமுனையில் இருக்கும் வங்கிக் கிளையில் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு திறக்கப் போனால் என்ன ஆகிறது? பல கிளைகளில் முதல் கேள்வியே "லோக்கல் அட்ரஸ் ப்ரூஃப் இருக்கா?" என்பதுதான். இருக்காது. லைன் வீட்டில் ஒரு அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவனுக்கு எந்த வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவார்? ஈ.பி. பில் வீட்டுக்காரர் பெயரில். ரேஷன் கார்டு ஊரில், அப்பா பெயரில். ஆதாரில் இருப்பது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு கிராமத்து முகவரி. "அப்போ உங்க ஊர்லயே போய் ஓபன் பண்ணுப்பா" என்று பதில் வரும். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒருவன் 'வெளிநாடு வாழ்' ஆசாமி ஆவது இப்படித்தான்!

வேடிக்கை என்னவென்றால் சட்டம் இப்படிச் சொல்லவே இல்லை. வேலைக்காக ஊர் மாறுகிறவர்களை மனதில் வைத்து, 2014 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியது. நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி இரண்டில் ஏதாவது ஒன்றுக்குச் சான்று இருந்தால் போதும், உள்ளூர் முகவரியை வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்தால் வங்கி ஏற்றுக்கொள்ளலாம் என்றது. 2019 நவம்பரில் மத்திய அரசு கருப்புப் பணத் தடுப்பு விதிகளைத் திருத்தி, ஆதாரை அடையாளமாகக் கொடுப்பவர் தற்போதைய முகவரி வேறு என்றால் சுய உறுதிமொழி தந்தால் போதும் என்றது. ஆக, அந்தப் பீகார் பையன் கையில் இருக்கும் ஒற்றை அட்டையும் ஒரு தாளில் எழுதிய நாலு வரியும் போதும். விதி டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. கவுண்டர் வரை வரவில்லை.

வங்கி மேலாளர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஆன்லைன் மோசடிப் பணத்தைக் கைமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. போலீஸ் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது கிளை மேலாளர். ஆறு மாதத்தில் அறை மாறி, போன் நம்பர் மாறிப் போய்விடும் ஆளை எங்கே தேடுவது என்ற பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து கைரேகை சரிபார்ப்பும், கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும், சந்தேகப் பரிமாற்றங்களைக் கவனிப்பதும்தான். கதவைச் சாத்துவது அல்ல. மோசடிக்காரனிடம் அட்ரஸ் ப்ரூஃப் எப்போதும் பக்காவாகவே இருக்கும்!

"ஊரில்தான் ஜன்தன் கணக்கு இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 2014 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கோடு இணைத்த போன் நம்பர் இங்கே வந்ததும் மாறிவிடுகிறது. நம்பர் போனால் ஓடிபி போச்சு, ஓடிபி போனால் யுபிஐ போச்சு. இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றால் கணக்கே செயலற்றதாகிவிடும். அதை உயிர்ப்பிக்க ஊர்க் கிளைக்குப் போ என்றால், ரயில் செலவும் பத்து நாள் கூலியும் யார் தருவது?

இன்னொரு வழியாக 2010 இறுதியில் 'சிறு கணக்கு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆவணமே வேண்டாம், புகைப்படமும் அதிகாரி முன்னால் ஒரு கையெழுத்தும் போதும். ஆனால் ஆண்டுக்கு மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,333 ரூபாய். தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் டைலருக்கு இது எந்த மூலைக்கு?

கணக்கு இல்லாததால் என்ன நஷ்டம் என்றால், முதலில் கமிஷன். தபால் மணியார்டர் காலத்தில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய், அதாவது நூற்றுக்கு ஐந்து. இன்று அந்த வேலையைச் செய்வது மொபைல் ரீசார்ஜ் கடைக்காரர். அங்கேயும் 2024 நவம்பரிலிருந்து அனுப்புபவர் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். அடுத்தது பிஎஃப். சம்பளத்தில் பிடித்த பணத்தை வெளியே எடுக்க, சரியான பெயரில் உயிரோடிருக்கும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். இல்லாதவன் அதை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறான். சம்பளம் நண்பன் கணக்கிலோ கான்ட்ராக்டர் கணக்கிலோ விழும்போது, எவ்வளவு விழுந்தது என்பதே அடுத்தவர் வாய் வார்த்தைதான்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டுகள் செல்லாது என்றானபோது, சனிக்கிழமை தோறும் ரொக்கக் கூலி வாங்கிப் பழகிய இந்த ஊர் அதை நன்றாகவே உணர்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் சம்பளத்தை வங்கி வழியே தர வசதியாக அவசரச் சட்டம் வந்தது. சட்டம் முதலாளிக்கு வழி காட்டியது. வாங்குகிறவனுக்குக் கணக்கு இருக்கிறதா என்பதை யார் பார்த்தார்கள்?

திருப்பூர் பனியன் போய்ச் சேரும் ஐரோப்பாவில் இதற்கு வேறு மாதிரி பதில் கண்டார்கள். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதிப்படி, சட்டப்படி அங்கே வசிக்கும் யாருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும் அகதி விண்ணப்பதாரருக்கும் கூட, அடிப்படை வங்கிக் கணக்கு ஓர் உரிமை. ஜெர்மனியில் இது 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மறுப்பதென்றால் வங்கிதான் காரணம் சொல்ல வேண்டும். இங்கே தலைகீழ்.

இங்கே புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. வங்கிக்கும் அன்றே லீவு! மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு காலை, பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதிகளில் ஒரு மேஜை, ஒரு கைரேகைக் கருவி, இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்த சுய உறுதிமொழிப் படிவம். செலவை ஏற்றுமதியாளர்களும் வங்கிகளும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளட்டும். சம்பளக் கவர் போடும் வேலை மிச்சமாவது அவர்களுக்குத்தானே.